வயிறு கழுவியவன்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஓசூரில் மாதையனோடு ஒரே அறையில் தங்கியிருந்த என் பெரியப்பா மகன் வடிவேல் அண்ணன் சொல்லித்தான் தெரியும்; அண்ணனுக்கு மாதையன் சொன்னது. கழிப்பறைக்குள் ஒருவன் தனியாக உட்கார்ந்து நினைத்ததெல்லாம் வெளியே இருப்பவனுக்கு எப்படித் தெரியும் என்று நானும் கேட்டேன். ஒரு தடவை சொல்லியிருந்தால் தெரிந்திருக்காது, அந்த வருஷம் முழுக்க அவன் வேறு எதையும் பேசவில்லை என்றார் அண்ணன். சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் கூடுமாம், கொஞ்சம் குறையுமாம். நான் எழுதுவது அவற்றைச் சேர்த்துத் தைத்தது. தையல் என்னுடையது. கடைசியில் வருகிற ஒரு விஷயத்தை மட்டும் நானே போய் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடிக் கழிப்பறை, மாதையனின் மடியில் நீல மூடி போட்ட வெள்ளை டப்பா. சாதாரணமாக மலம் பரிசோதனைக்குக் கொடுக்கிற கட்டைவிரல் அளவு டப்பா இல்லை, கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் வாங்கி வந்த டப்பா மிச்சம் ஆகுமே, அந்த மாதிரி. மேலே ஒட்டியிருந்த சீட்டில் அம்மாவின் பெயர் பச்சியம்மாள், அதற்குக் கீழே அவன் பெயர், பக்கத்தில் 'கொடுப்பவர்' என்று அச்சில். பட்டச் சான்றிதழுக்குப் பிறகு அவன் பெயர் இவ்வளவு சுத்தமாக அச்சானது இதில்தான் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றது. வயிற்றில் ஒன்றுமே இல்லை. முக்கினால் காதுதான் அடைத்தது. டப்பாவைக் கொடுக்கும்போது ஸ்டெல்லா சிஸ்டர் மெதுவாக, பாடம் நடத்துகிற மாதிரி சொல்லியிருந்தார்: இது பரிசோதனைக்கு, எல்லாம் சரியாக இருந்தால் இன்னொன்று கேட்போம், அதைக் கரைத்து வடிகட்டி அம்மாவின் குடலுக்குள் விடுவோம். கடந்த மூன்று மாதத்தில் ஆன்டிபயாடிக் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது, சாப்பிட்டிருந்தால் நீங்கள் கொடுக்க முடியாது, வெளியே வந்ததும் கேட்பேன், யோசித்துச் சொல்லுங்கள். யோசித்துச் சொல்லுங்கள். இதற்குமேல் யோசிக்க என்ன இருந்தது. அவிநாசி தாண்டும்போதே பஸ்ஸில் எல்லாம் யோசித்து முடித்தாயிற்று. நெற்றியைக் கம்பியில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தவன் யாரோ தோளில் அடித்த மாதிரி எழுந்து உட்கார்ந்தான், அந்த மாத்திரை, என்று வாய்விட்டே சொன்னான், பக்கத்து சீட்டுக்காரர் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த மாத்திரை. வெளியே யாரோ தாழ்ப்பாளை ஆட்டினார்கள். ஆள் இருக்கு என்றான். குரல் அப்பாவின் குரல் மாதிரி இருந்தது. அப்பா செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது, இந்த மாதிரி சமயத்தில்தான் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

அம்மாவுக்கு எல்லாம் காலில்தான் ஆரம்பித்தது. கேழ்வரகு அறுக்கும்போது அரிவாள் பட்ட வெட்டு, சின்னதுதான், சாணியும் மண்ணும் ஏறி சீழ் கட்டி, பென்னாகரத்தில் ஒருவர், தர்மபுரியில் ஒருவர், ஒருவர் மாற்றி ஒருவர் கிருமி மருந்து எழுதி எழுதி, கடைசியில் கால் ஆறியது, வயிறு போயிற்று. வயிறு போயிற்று என்றால் அப்படியே போய்விட்டது. மருந்து கொடுத்தால் நிற்கும், மருந்தை நிறுத்தினால் மறுபடி ஓடும். இங்கே இருக்கிற டாக்டர்தான் உட்கார வைத்து விளக்கினார், சின்ன வயசு, அவன் வயசுதான் இருக்கும், ஆனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த விதத்திலேயே அவருடைய அப்பாவும் படித்தவர் என்று தெரிந்தது. குடலுக்குள் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன, நாம் தின்பதைத் தின்று அவை பிழைக்கின்றன, அவை இருப்பதால் நாம் பிழைக்கிறோம், உங்கள் அம்மாவுக்குக் கொடுத்த மருந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டது, மருந்துக்குச் சாகாத ஒரே ஒரு கெட்ட கிருமி காலியான இடம் முழுக்கப் பரவிக்கொண்டது, களைக்கொல்லி அடித்த காட்டில் ஒரே ஒரு பூண்டு மட்டும் படர்கிற மாதிரி, நீங்கள் விவசாயக் குடும்பம்தானே, உங்களுக்குப் புரியும் என்றார். புரிந்தது. அதற்கு மாற்று என்ன என்று கேட்டான். நல்ல வயிறு இருக்கிற ஒருவரிடமிருந்து எடுத்து விதைப்பதுதான் என்றார். கூடப் பிறந்த காவேரி அக்கா முழுகாமல் இருந்தாள், அவளிடம் எடுக்க மாட்டார்கள். அக்கா வீட்டுக்காரரான மாமாவுக்கு மஞ்சள் காமாலை வந்துபோன ஈரல். வெளியாள் யாராவது இருந்தாலும் கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர். ரத்தம் கேட்கலாம் ஊரில், பத்துப் பேர் பைக் எடுத்துக்கொண்டு வருவார்கள். இதை யாரிடம் போய்க் கேட்பது, எந்த வாயால் கேட்பது. மாமாதான் அன்றைக்கு வராந்தாவில் நின்று சிரிக்காமல் சொன்னார்: "பூர்வீகச் சொத்துல உனக்குப் பங்கு இல்லைன்னு சொன்னவங்க யாரு மாப்ள? இதோ, நீ ஒருத்தன்தான் வாரிசு." அக்கா முழங்கையால் இடித்தாள். ஆனால் அம்மா சிரித்தாள். கட்டிலில் மடக்கிப் போட்ட வேட்டி மாதிரி கிடந்தவள் சிரித்தாள், சிரித்ததில் மறுபடி போய்விட்டது, அக்கா திரையை இழுத்துவிட்டாள்.

அவளுக்குப் பசி போய்விட்டதுதான் அவனுக்குப் பயம். வயிற்றுப்போக்கை அவன் பார்த்திருக்கிறான், காலரா வந்த வருஷம் ஊருக்கே வயிறு போயிற்று, ஆனால் அம்மாவுக்குப் பசிக்காமல் இருந்து பார்த்ததே இல்லை. பசி எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு சாமி, என்றாள் போன வாரம், ஏதோ தெருவில் இருந்து காலி செய்துகொண்டு போனவர்களைப் பற்றிச் சொல்வது மாதிரி. அவள் களி தின்பதைப் பார்க்க வேண்டும். கை நிறைய உருட்டி, கீரைக் குழம்பில் அமுக்கி, மெல்லாமல் விழுங்குவாள், தொண்டையில் அது இறங்குவது வெளியே தெரியும். கொள்ளு, அவரை, தட்டைப்பயறு, பண்ணைக்கீரை, எது காட்டில் கிடைத்தாலும் சட்டிக்குள் போகும். பசியை அவள் மறைத்ததே இல்லை, பசித்தால் பசிக்குது என்று சொல்வாள், யார் இருந்தாலும். அதுதான் அவனுக்குப் பிடிக்காமல் போயிற்று. பட்டமளிப்பு விழா நடந்த அன்று சேலத்தில் ஒரு ஓட்டலில், அவன் கறுப்பு அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, அம்மா, அக்கா, அவன் மூவரும் உட்கார்ந்து, அளவில்லாத சாப்பாடு, அம்மா மூன்றாம் முறையும் சோறு கேட்டாள். பரிமாறுகிறவன் அடுத்த மேசைக்காரனைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். அடுத்த மேசையில் மாதையனின் வகுப்புப் பையன் ஒருவன், அப்பா அம்மாவோடு. மாதையன் மேசைக்கு அடியில் அவள் கையைப் பிடித்து அமுக்கினான். போதும்மா, என்றான். அவ்வளவுதான். கத்தவில்லை, முறைக்கவில்லை. அவள் உடனே சிரித்துக்கொண்டே இலையை மடித்தாள், மோர் கூட வாங்கவில்லை, ஆமாண்டா வயிறு ரொம்பிப்போச்சு என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். ரொம்பவில்லை. திரும்பும் பஸ்ஸில் யாருக்கும் தெரியாமல் ஒரு வெள்ளரிப் பிஞ்சு வாங்கி முந்தானைக்குள் வைத்துக் கடித்துக்கொண்டு வந்தாள், அவன் தூங்குவதாகப் பாவனை செய்தான். போதும்மா. டாக்டர் சொல்கிறார், பசி போனது மருந்தால் என்று. மருந்தாலாகத்தான் இருக்கும். படித்தவன், அப்படித்தான் நம்ப வேண்டும். ஆனால் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சொல்லும் உள்ளே போய் ஏதோ ஒன்றைக் கொன்றிருக்கும் என்றுதான் தோன்றுகிறது, கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல்.

முழங்கால் மரத்துப்போயிற்று. டப்பாவை ஒரு தொடையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினான். பினாயில் நெடி, அதற்கு அடியில் இன்னொரு நெடி. இவ்வளவு பேரின் வயிறு இந்த ஒரு குழாய் வழியாக. அவனுடைய வயிறு என்ன வயிறு. கல்லூரி விடுதியில் தொடங்கியது, ரேஷன் அரிசிச் சோறும் தண்ணீர் சாம்பாரும், பிறகு ஓசூரில் கம்பெனி கேன்டீன், ஷிப்ட் முடிந்தால் பரோட்டா, இடையில் பேக்கரி, முட்டை பப்ஸ், கிரீம் பன், குடிக்க ஏதாவது கலர். முதலில் வேறு கிடைக்காமல் தின்றான், பிறகு வேறு வேண்டாமல் தின்றான். ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா களி கிண்டி வைத்தாள், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அக்கா மகனுக்கு வைத்திருந்த நூடுல்ஸைத்தான் ஆக்கிக் கொடுத்தாள், பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் களியையும் அவளே தின்றாள். அதை டாக்டரிடம் சொன்னான், எதற்குச் சொன்னான் என்று தெரியவில்லை, டாக்டர் கேட்டது வேறு. அவர் ஆர்வமாகிவிட்டார். நீங்கள் எதைத் தின்கிறீர்களோ அதைத் தின்னும் உயிர்கள்தான் உள்ளே பெருகும், மற்றவை பட்டினியில் குறையும், பெருகியவை தங்களுக்கு வேண்டியதை உங்களைக் கேட்க வைக்கின்றன என்று கூட ஒரு கருத்து இருக்கிறது, இன்னும் முழுசாக நிரூபிக்கவில்லை, ஆனால் பசியடங்குவதற்கும் அவற்றுக்கும் சம்பந்தம் உண்டு என்றார். மாதையன் அன்றைக்கு இரவு முழுக்க அதையே பிடித்துக்கொண்டான். சாயங்காலம் பேக்கரி முன்னால் கால் தானாக நிற்கிறதே, நிறுத்துவது யார். பப்ஸ் வேண்டும் என்று சொல்வது அவனா, உள்ளே குடியிருக்கிறவர்களா. அம்மாவிடமிருந்து வந்தவர்கள், களிக்கும் கொள்ளுக்கும் வாயைத் திறந்துகொண்டிருந்தவர்கள், அவனுக்குள் பட்டினி கிடந்து செத்திருப்பார்கள். அவர்கள் போன இடத்தில் இப்போது இருப்பது மைதாவுக்குப் பிறந்தவர்கள். அவர்களைக் கொண்டுபோய் அம்மாவுக்குள் விடுவதா. அம்மா எழுந்து உட்கார்ந்து, பென்னாகரம் சந்தையில் நின்று, ஒரு கிரீம் பன் கொடு என்று கேட்கிற மாதிரி கண்ணில் வந்தது. அப்படியாவது கேட்கட்டும் என்றும் இருந்தது. இப்படி ஒரு வயிற்றை அப்படியே கொடுக்கக் கூடாது என்றும் இருந்தது.

அதனால்தான். அதனால்தான் என்று யாரிடம் சொன்னாலும் புரியாது. டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பினார், கீரை சாப்பிடுங்கள், பயறு சாப்பிடுங்கள், களி கிடைத்தால் களி, வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று. வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதை அவன் மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டான், விருந்துக்குப் போகிற வீட்டில் ஒன்றும் வாங்கி வர வேண்டாம் என்பார்களே, அந்த மாதிரி. அம்மாவுக்குக் கொடுப்பதைக் கழுவாமல் கொடுப்பதா. வருஷா வருஷம் கோடை லீவில் அம்மா அவனுக்கும் அக்காவுக்கும் பேதிக்குக் கொடுப்பாள், விடியும் முன்னே எழுப்பி, மூக்கைப் பிடித்து, விளக்கெண்ணெய், மேலே ஒரு வாய் கருப்பட்டிக் காப்பி. அன்றைக்கெல்லாம் ஓட்டம்தான். மத்தியானம் ரசச் சோறு, துவையல். சாயங்காலம் உடம்பு காற்று மாதிரி இருக்கும். கழுவிட்டாப் புதுசு, என்பாள் வயிற்றைத் தட்டிப் பார்த்து. அந்த நினைப்பில் ஓசூரில் விளக்கெண்ணெய் வாங்கிக் குடித்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். எண்ணெய் மட்டும் போதுமா, இத்தனை வருஷத்து பரோட்டாவுக்கு எண்ணெய் போதுமா என்று மருந்துக்கடைக்குப் போனான். வயிறு சுத்தமாக ஏதாவது கொடுங்கள் என்றான். எதற்கு என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது. கடைக்காரர் கேட்கவில்லை. உள்ளே போய் ஏதோ அட்டையிலிருந்து பிதுக்கி, ஒரு பெரியது ஒரு சின்னது, காகிதத்தில் மடித்து செட் மாத்திரையாகக் கொடுத்தார். பெரியதை மென்று தின்னுங்கள், உள்ளே இருக்கிறதெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும் என்றார். அறைக்கு வந்து மென்றான், லேசாக இனித்தது, சுண்ணாம்பு மாதிரி பல்லில் ஒட்டியது. மென்றுகொண்டிருக்கும்போது சந்தோஷமாக இருந்தது. அம்மாவுக்கு ஏதோ ஒன்று ஒழுங்காகச் செய்கிறோம் என்று, முதல் தடவையாக. உள்ளே இருக்கிறதெல்லாம். அவிநாசி தாண்டும்போதுதான் அந்த 'எல்லாம்' வந்து தோளில் அடித்தது. அம்மாவின் குடலைக் காலியாக்கிய அதே மருந்தைத் தன் கையால் வாங்கி, மென்று, இனிக்கிறது என்று நினைத்துத் தின்றிருக்கிறான்.

கதவை மெதுவாகத் தட்டினார்கள். அக்கா. "மாதா, வந்துச்சா?" குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள், ஆனால் வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். இன்னும் இல்லை என்றான். மாமா தூரத்திலிருந்து ஏதோ சொன்னார், விடு, பரீட்சைக்கு உட்காந்திருக்கிற புள்ளயத் தொந்தரவு பண்ணாத, என்கிற மாதிரி. உண்மையில் பரீட்சைதான். வெளியே போனதும் ஒரே கேள்வி. சாப்பிட்டேன் என்று சொன்னால் வேறு ஆள் இல்லை. மூன்று மாதம் அம்மா இருப்பாளா, கழுத்து எலும்பில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும் போல இருக்கிறாள். சாப்பிடவில்லை என்று சொன்னால் எடுத்துக்கொள்வார்கள், கரைத்து வடிகட்டி உள்ளே விடுவார்கள், களைக்கொல்லி அடித்த காட்டிலிருந்து மண்ணை வெட்டிக்கொண்டு போய்க் களைக்கொல்லி அடித்த இன்னொரு காட்டில் கொட்டுவார்கள். ஒன்றும் முளைக்காது. அல்லது முளைத்தாலும் முளைக்கும், யார் கண்டது, டாக்டரே எல்லாம் நிரூபிக்கவில்லை என்கிறாரே. இல்லை சிஸ்டர், என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான். சுலபமாக வந்தது. அந்தச் சுலபம்தான் பயமாக இருந்தது. அந்த நேரத்தில் வயிறு, யாரும் கேட்காதபோது, இளகிக் கொடுத்தது. கொஞ்சம்தான். டப்பாவைப் பிடித்தான். பார்த்தான். வெளிறி, தண்ணீர் கலந்து, அம்மாவுடையது மாதிரியே இருந்தது. மூடியைத் திருகினான். கை கழுவினான், மறுபடி கழுவினான். கண்ணாடியில் தெரிந்த ஆள் படித்தவன் மாதிரித்தான் இருந்தான்.

ஸ்டெல்லா சிஸ்டர் கையுறை போட்டுக்கொண்டு டப்பாவை வாங்கினார், வெளிச்சத்தில் ஒருதரம் பார்த்தார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"சாப்பிட்டேன் சிஸ்டர்" என்றான் மாதையன்.

"என்ன மாத்திரை?"

"பேர் தெரியாது. காகிதத்துல மடிச்சுக் கொடுத்தாங்க. ஆனா ஆன்டிபயாடிக்தான்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்."

அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டாக்டரைப் போனில் கேட்டுவிட்டு வந்து, மூன்று மாதம் கழித்துத்தான் உங்களிடம் எடுக்க முடியும், அதுவரை மருந்தில் நிறுத்திப் பார்ப்போம், வெளியாள் யாராவது கிடைக்கிறார்களா பாருங்கள் என்று சொல்லிவிட்டு, டப்பாவை மூலையில் இருந்த, கழிவு போடும் மஞ்சள் பைக்குள் போட்டார். அவன் பெயர் மேலே தெரிகிற மாதிரி விழுந்தது. மாமா எதுவும் ஜோக் அடிக்கவில்லை. "என்னாத்துக்குடா?" என்று மட்டும் கேட்டாள் அக்கா. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வார்டில் அம்மா கண்ணை மூடிக் கிடந்தாள். காலடிச் சத்தத்திலேயே அவன்தான் என்று தெரிந்துகொண்டாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, அதெல்லாம் படித்த பிள்ளை பார்த்துக்கொள்வான். "சாப்பிட்டியா சாமி?" என்றாள். சாப்பிட்டேன் என்றான். காலையிலிருந்து ஒரு டீ. தட்டில் ஆறிப்போன கஞ்சி இருந்தது. ஸ்பூனில் எடுத்து ஊட்டினான், உதடு திறந்தது, விழுங்குவது தொண்டையில் தெரிந்தது. இரண்டாவது ஸ்பூனைக் கொண்டுபோனபோது அவள் அவன் கையைப் பிடித்து லேசாக அமுக்கினாள்.

"போதும்" என்றாள்.

வெளியாள் கிடைக்கவில்லை. மூன்று மாதம் முடிவதற்கு முன்பே பச்சியம்மாள் இறந்துபோனார்.

நான் விசாரித்தது இது. ஓசூரில் அந்த மருந்துக்கடை இன்னும் இருக்கிறது. வடிவேல் அண்ணன் அடையாளம் சொல்ல, போய், வயிறு சுத்தமாக ஏதாவது கொடுங்கள் என்று மாதையன் கேட்ட மாதிரியே கேட்டேன். அதே கடைக்காரர், எதற்கு என்று கேட்காமல், ஒரு பெரியது ஒரு சின்னது, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். எப்போதும் இதுதானா, ஆன்டிபயாடிக் இல்லையா என்று கேட்டேன். வயிறு சுத்தத்துக்கு யாராவது அதைக் கொடுப்பார்களா, கடை வைத்த நாளிலிருந்து இதே செட்தான் என்று சொல்லி, இரண்டு அட்டைகளையும் எடுத்துக் காட்டினார். பெயர்களைக் குறித்துக்கொண்டு போய், எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் கேட்டேன். சின்னது வாயுவுக்கு. பெரியது, மென்றால் லேசாக இனிக்கிறது, என் அக்கா மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிறுத்திக் கொடுக்கிற அதே பூச்சி மாத்திரை. அது குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். அது ஆன்டிபயாடிக் இல்லை.